பழைய சாம்ப்ளருக்கு டோன் தேடுதலும் ஏற்றுதலும்

வீணையை மடியில் கிடத்தி மீட்டினால் நாதம் எழும். ஹார்மோனியத்தின் துருத்தியை அசைத்தால் சுருதி பேசும். சாம்ப்ளர் அப்படிப்பட்ட வாத்தியமன்று. எங்கோ ஒருவர் வாசித்த ஸ்வரத்தை எண்களாக மாற்றித் தன் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, நாம் கீயை அழுத்தும்போது அவ்வெண்களை மறுபடியும் ஓசையாக்கித் தருவதே அதன் தொழில். அந்த ஞாபகமோ மின்சாரம் உள்ளவரையில்தான் நிலைக்கும். ஸ்விட்சை அணைத்ததும், அல்லது அம்பத்தூரிலோ ஆவடியிலோ சாயங்கால வேளையில் கரண்ட் போனதும், அதுவரை ஏற்றி வைத்த டோன்கள் அத்தனையும் ஒருசேர மறைந்துவிடும். ஆகையால், பழைய சாம்ப்ளரை வாங்கியவர் யந்திரத்தில் பாதியைத்தான் வாங்கியிருக்கிறார். மறுபாதி அதற்குரிய டிஸ்குகளில் இருக்கிறது.

சிட்னியில் உருவான ஃபேர்லைட் 1979-லும், கலிபோர்னியாவின் ஈமு கம்பெனி செய்த எமுலேட்டர் 1981-லும் வெளிவந்தபோது, அவற்றின் விலை சாதாரண வித்துவானின் கைக்கு எட்டாததாக இருந்தது. அமெரிக்காவின் என்சானிக் கம்பெனி 1980-களின் நடுவில் மிராஜ் என்னும் கீபோர்டை ஓரளவு நியாயமான விலையில் விற்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறிற்று. அதன்பின் 1986-ல் கோர்க் டி.எஸ்.எஸ்.-1, அதே ஆண்டில் அக்காய் எஸ்-900, 1988-ல் என்சானிக் ஈ.பி.எஸ்., அக்காய் எஸ்-1000, 1989-ல் ரோலண்ட் டபிள்யூ-30 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவ்வத்தியாயத்தில் ஈ.பி.எஸ்., எஸ்-1000 ஆகிய இரண்டையே முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். முன்னது கீபோர்டோடு கூடியது. பின்னது ரேக்கில் பொருத்தும் பெட்டி. இவ்விரண்டின் வழிமுறை விளங்கிவிட்டால், மற்றவற்றின் வித்தியாசங்களை அவற்றின் கையேடுகளைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

தேடலை எங்கே ஆரம்பிப்பது? வெளிநாட்டில் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஆற்காடு சாலையை ஒருமுறை நினைத்துப் பார்க்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்காக இளையராஜா சீக்வென்ஸரைக் கொண்டு இசையமைத்ததும், 1989-ல் ஏ. ஆர். ரஹ்மான் தம் கோடம்பாக்கத்து வீட்டில் பஞ்சதன் ஸ்டூடியோவை நிறுவியதும், 1992-ல் ‘ரோஜா’ வந்ததும் ஒரு காலத்தின் அடையாளங்கள். அக்காலத்தில் வடபழநி, சாலிகிராமம், வளசரவாக்கம் என்று அச்சாலை நெடுக இருந்த ஸ்டூடியோக்களிலும், போரூர் தாண்டிப் பூந்தமல்லி வரையில் குடியேறிய வாத்தியக்காரர்களின் வீடுகளிலும், சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் கைச்சுமையாகக் கொண்டுவந்த சாம்ப்ளர்கள் புழங்கின. கல்யாண வரவேற்புகளில் வாசித்த லைட் மியூசிக் குழுக்களிலும், பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிச் சர்ச்சுகளின் பாடகர் குழுக்களிலும் கீபோர்டு வாசித்தவர்கள் பலர் இன்றும் அதே தெருக்களில் வசிக்கிறார்கள். யந்திரம் பழுதாகிக் காயலான் கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் டிஸ்குப் பெட்டியை மனிதர்கள் லேசில் எறிவதில்லை. அது பீரோவின் அடித்தட்டிலோ பரணிலோ கிடக்கும்.

அவர்களிடம் போகும்போது, “பழைய டிஸ்கு ஏதாவது இருக்கிறதா, அண்ணா?” என்று மட்டும் கேட்டுத் திரும்புவது பிரயோஜனப்படாது. அவர் எந்தக் குழுவில் எந்த யந்திரத்தை வாசித்தார், பிற்காலத்தில் அதை யாருக்குக் கொடுத்தார், சொந்தமாக ரெக்கார்ட் செய்த டோன் உண்டா என்று நிதானமாகப் பேசித் தெரிந்துகொள்ளவேண்டும். கம்பெனியார் கொடுத்த பியானோ, ஸ்டிரிங்ஸ், பித்தளை வாத்தியங்கள் எல்லாம் உலகில் ஆயிரம் இடங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு பம்பைக்காரரை உட்காரவைத்து யாரோ பதிவு செய்த டிஸ்கு அந்த ஒரு பெட்டியில் மாத்திரமே இருக்கக்கூடும். அது அழிந்தால் வேறு பிரதி கிடையாது. இந்நூலில் நான் வேறெதையும்விட அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: நம் பக்கத்து டிஸ்குகளை முதலில் தேடுங்கள், அவற்றை முதலில் பிரதி எடுங்கள், வெளிநாட்டு லைப்ரரிகள் காத்திருக்கும்.

கிடைத்த டிஸ்கை அவசரப்பட்டு டிரைவில் நுழைத்துவிடக்கூடாது. சென்னையின் மேற்குப் புறநகர்களில் ஐப்பசியும் கார்த்திகையும் காற்றில் ஈரத்தை நிரப்பிவிடும். 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களைக் கண்டவர்களுக்கு, தரையோடு தரையாக வைத்த பொருள்களின் கதி என்னவென்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்கைக் கையில் எடுத்து, அதன் உலோகத் தகட்டை விரலால் ஒருபுறம் தள்ளி, நடுச் சக்கரத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே, பழுப்பு நிறத் தாளின் இரு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவேண்டும். ஆரோக்கியமான டிஸ்கு கண்ணாடிபோல் ஒரே சீராக மின்னும். பூஞ்சை பிடித்ததில் வெண்புள்ளிகளோ, மூச்சு பட்டதைப்போல் மங்கிய திட்டுகளோ தென்படும். அப்படிப்பட்டதை ஓட்டினால், அதன் அழுக்கு டிரைவின் தலையில் அப்பி, அடுத்து நுழைக்கும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சினால் தாளைத் துடைத்து உலரவைத்து, ஒருமுறை மட்டும் ஓட்டி, உடனே டிரைவின் தலையையும் துடைத்துவிடுவதே முறை. இதையெல்லாம் தொடங்குமுன், மூலையிலுள்ள சிறு தடுப்பை நகர்த்தித் துவாரம் திறந்திருக்கும்படி செய்துவிடவேண்டும். துவாரம் திறந்திருந்தால் டிஸ்கின்மேல் யாரும் எதையும் தவறிக்கூட எழுதிவிட முடியாது.

பிரதி எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கடைகளில் விற்கும் யூ.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவில் சாம்ப்ளர் டிஸ்கைப் போட்டால், கம்ப்யூட்டர் அதைக் காலி டிஸ்கென்று கருதி, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு ஒருபோதும் சம்மதம் கொடுக்கக்கூடாது. டிஸ்கு காலியன்று, அதன் எழுத்துமுறைதான் வேறு. கம்ப்யூட்டர் சாதாரணமாக அறிந்தது 720 கிலோபைட், 1.44 மெகாபைட் என்னும் இரு அமைப்புகளையே. ஈ.பி.எஸ். ஒரு வட்டத்தடத்தில் 512 பைட் கொண்ட 10 பகுதிகளை எழுதி, ஒரு டிஸ்கில் 8,19,200 பைட்டுகளை அடக்குகிறது. எஸ்-1000, அடர்த்தி மிகுந்த டிஸ்கின் ஒரு தடத்தில் 1,024 பைட் கொண்ட 10 பகுதிகளை எழுதி, அதைப்போல் இரு மடங்கு அடக்குகிறது. மிராஜோ ஒரே தடத்தில் ஐந்து பெரிய பகுதிகளையும் ஒரு சிறிய பகுதியையும் கலந்து எழுதும் விசித்திரமான வழக்கமுடையது. யூ.எஸ்.பி. டிரைவுகளில் பெரும்பாலானவை இவற்றை எந்த உபாயத்தாலும் படிக்கமாட்டா.

வழி இரண்டு. தாய்ப்பலகையிலேயே ஃபிளாப்பி இணைப்பு உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்று கிடைத்தால், ஆம்னிஃபிளாப் என்னும் மென்பொருளைக் கொண்டு டிஸ்கை அப்படியே ஒரு கோப்பாக எடுத்துவிடலாம். அக்கோப்பை இமேஜ் என்பார்கள். அது கிடைக்காதவர், சாதாரண ஃபிளாப்பி டிரைவை கிரீஸ்வீஸில் என்னும் சிறு பலகையின் மூலம் லேப்டாப்பில் இணைக்கலாம். எழுத்துமுறை எதுவானாலும் கவலைப்படாமல், டிஸ்கின் காந்த மாற்றங்களையே அது நேராகப் பதிவு செய்துகொள்வதால், பழுதுபட்ட டிஸ்கைப் பலமுறை படித்துப் பார்த்துச் சரியான பகுதிகளைத் தேர்ந்துகொள்ளவும் இடமுண்டு. என் அபிப்பிராயத்தில் பின்னதே சிறந்தது. பழைய டிரைவும் 34 முனை ரிப்பன் கேபிளும் ரிச்சி தெருவில் விசாரித்தால் அகப்படும். ஆவடியிலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கினால் அங்கிருந்து அதிக தூரமில்லை.

இமேஜ் கைக்கு வந்தபின் அதை யந்திரத்துக்குள் அனுப்பவேண்டும். புது ஃபிளாப்பி வாங்கி எழுதிக்கொண்டிருப்பதைவிட, டிரைவையே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கோடெக் என்னும் சாதனம் ஃபிளாப்பி டிரைவின் இடத்தில் உட்கார்ந்து, பென் டிரைவிலுள்ள இமேஜ்களை டிஸ்குகளைப்போலவே சாம்ப்ளருக்குக் காட்டும். கடையிலிருந்து வரும் நிலையில் அது கம்ப்யூட்டர் டிஸ்கை மட்டுமே அறியும். ஃபிளாஷ்ஃபிளாப்பி என்னும் இலவச மென்பொருளை அதில் ஏற்றியபின்தான் நம் வேலைக்கு உதவும். பென் டிரைவின் முகப்பில் வைக்கும் அமைப்புக் கோப்பில் அக்காய்க்கு ஒரு சொல்லும் என்சானிக்குக்கு ஒரு சொல்லும் எழுதவேண்டும். அதை எழுதாமல் விட்டால் இமேஜ் நல்லதாக இருந்தும் சாம்ப்ளர் படிக்க மறுக்கும். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு முதல் முனையைக் குறிக்கும் என்பதை மறந்து திருப்பிச் செருகிவிட்டால், சாதனத்தின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். பதறாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திருப்பிச் செருகவும்.

எஸ்-1000-ல், ஹார்ட் டிஸ்கு முதலியவற்றை இணைக்க உதவும் ஸ்கஸி பலகை பொருத்தப்பட்டிருந்தாலும், அல்லது அதை உடன் கொண்டே பிறந்த எஸ்-3000 எக்ஸ்.எல். கைவசம் இருந்தாலும், இன்னும் விசாலமான வழி திறக்கிறது. புளூஸ்கஸி, ஜூலுஸ்கஸி முதலிய பலகைகள் ஒரு எஸ்.டி. கார்டை ஹார்ட் டிஸ்காகவும் சி.டி. டிரைவாகவும் பாவனை செய்யும். 1990-களில் விற்ற அக்காய் சி.டி.-ரோம் லைப்ரரிகளைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் தெரியாது. அவற்றையும் முழு இமேஜாகவே எடுத்துக் கார்டில் வைக்கவேண்டும். ஸ்கஸியில் இரண்டு நியமங்கள் உண்டு: ஒவ்வொரு சாதனத்துக்கும் 0 முதல் 7 வரையிலான எண்களில் தனித்தனி எண் இருக்கவேண்டும், கேபிளின் இரு நுனிகளிலும் முடிவு மின்தடை இருக்கவேண்டும். லைப்ரரியை வாங்கும்போது அசல் சி.டி.யையும் உறையையும் சேர்த்து வாங்குங்கள். அந்த ஓசைகளைப் பாட்டில் உபயோகிக்கும் உரிமை அதை விலைகொடுத்து வாங்கியவருக்கே உரியது.

ஸ்விட்சைப் போடுமுன் யந்திரத்தின் பின்புறத் தகட்டைப் படிப்பது அத்தியாவசியம். ஜப்பானிலேயே விற்கப்பட்டது 100 வோல்ட், அமெரிக்காவில் விற்கப்பட்டது 120 வோல்ட். நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவதோ 230. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 110 வோல்ட் கொடுக்கும்; ஜப்பானிய யந்திரத்துக்கு அது கொஞ்சம் அதிகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் காயில் சுற்றுபவர்களிடம் 100 வோல்ட் என்று குறிப்பாகச் சொல்லிச் செய்து வாங்குவது நல்லது.

ஈ.பி.எஸ். தன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே டிஸ்கிலிருந்து படிக்கும் யந்திரம். ஓ.எஸ். டிஸ்கு உள்ளே இல்லாவிட்டால் அது எழுந்திருக்கவே மாட்டாது. அதே கம்பெனியின் ஈ.பி.எஸ்.-16 பிளஸுக்கும் ஏ.எஸ்.ஆர்.-10-க்கும் அவற்றுக்குரிய ஓ.எஸ். தனித்தனியே வேண்டும். தொடக்கத்தில் கீபோர்டைச் சரிபார்த்துக்கொள்வதாகவும் கையை எடுக்கும்படியாகவும் திரையில் ஓர் அறிவிப்பு வரும். அதைப் பொருட்படுத்தாமல் கீகளின்மேல் கை வைத்திருந்தால், அழுத்தத்தின் அளவு பிசகி, அன்று முழுதும் சில கீகள் முரண்டு பிடிக்கும். பின்னர் லோட் பட்டனை அழுத்தி, அம்புக்குறிகளால் டோனின் பெயரைத் தேர்ந்து, எட்டு டிராக் பட்டன்களில் ஒன்றைத் தொட்டால் அது அவ்விடத்தில் ஏறிவிடும். ஒரு டோனை வாசித்துக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றை ஏற்றலாம் என்பது இந்த யந்திரத்தின் தனிப்பெருமை; மேடையில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் தவித்த வாத்தியக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எஸ்-1000-ல் டிஸ்க் பக்கத்துக்குப் போனால், ஒரு புரோகிராமை அதற்குரிய சாம்பிள்களோடு சேர்த்து ஏற்றவும், முழு டிஸ்கையும் ஏற்றவும், சாம்பிளை மட்டும் ஏற்றவும் தனித்தனி வழிகள் இருக்கும். இங்கே புதியவர்களைத் திகைக்கவைக்கும் விஷயம் ஒன்று நிகழ்வதுண்டு. ஒரு டிஸ்கிலிருந்து நாதஸ்வரத்தை ஏற்றி, அதை அழிக்காமல் இன்னொரு டிஸ்கிலிருந்து தவிலையும் ஏற்றிவிட்டுக் கீயை அழுத்தினால், இரண்டும் ஒன்றாகக் கூவும். யந்திரம் கெட்டுவிடவில்லை. ஒரே எண்ணுடைய புரோகிராம்கள் அனைத்தும் ஒருங்கே ஒலிக்கவேண்டும் என்பது அக்காயின் நியதி; டிஸ்குகளில் பெரும்பாலும் முதல் புரோகிராமுக்கு 1 என்ற எண்ணே இருப்பதால் இவ்வாறு நேர்கிறது. எண்ணை மாற்றும் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு எண் கொடுத்தால் தெளிந்துவிடும். அதே நியதியைத் தெரிந்தே கையாண்டு, தம்பூராவின்மேல் வயலினை அடுக்குவதும் சாத்தியம்.

மிடி கேபிள் வழியாகவே சாம்பிளை அனுப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். அனுப்பலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். மிடியில் விநாடிக்கு 3,125 பைட்டுகளே போகும். சாம்பிள் டம்ப் முறையில் 127 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தில் 16 பிட் எண்கள் 40 மட்டுமே அடங்கும். ஆகவே விநாடிக்கு ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவான எண்கள்தான் போய்ச் சேரும். விநாடிக்கு 44,100 எண்கள் வீதம் பதிவு செய்த ஒரே ஒரு விநாடி ஓசையை அனுப்ப முக்கால் நிமிஷம் பிடிக்கும். வேறு வழியே இல்லாதபோது கையாளத்தக்கது இது.

இனி, சொந்தமாக டோன் தயாரிப்பது. இன்றைய கீபோர்டுகளில் தபலாவும் தம்பூராவும் வாங்கும்போதே இருக்கின்றன. யமஹா கம்பெனி 2019 முதல் சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலேயே கீபோர்டுகளைச் செய்து வருகிறது. பழைய சாம்ப்ளர்களின் டிஸ்குகளிலோ நம் வாத்தியங்கள் அபூர்வம். ஆனால் அவற்றைப் பதிவு செய்ய இந்தப் பிரதேசத்தைவிடத் தோதான இடம் வேறெது? ஆடி மாதத்தில் திருவேற்காட்டுக் கருமாரியம்மன் சந்நிதியைச் சுற்றிப் பம்பையும் உடுக்கையும் முழங்குகின்றன; திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர், பூந்தமல்லி வரதராஜப் பெருமாள், திருமழிசை ஜெகந்நாதப் பெருமாள் என்று உற்சவ மூர்த்திகள் புறப்படும் ஸ்தலங்களும் நிறைய இருக்கின்றன. திருவிழா நெரிசலில் எடுத்த ஓசை சாம்பிளுக்கு உதவாது. அங்கே வித்துவானைச் சந்தித்து, சம்மதம் பெற்று, தக்க சன்மானத்தோடு வேறொரு நாளில் அமைதியான அறைக்கு அழைத்து வருவதே உசிதம்.

உடுக்கையின் அழகு அதன் இடையிலுள்ள கயிற்றை இறுக்கும்போது சுருதி ஏறுவதில் இருக்கிறது. ஒரே அடியைப் பதிந்து கீபோர்டு முழுதும் பரப்பினால் அந்த ஜீவன் வராது. தளர்வான அடி, பாதி இறுகியது, முழுதும் இறுகியது, அடித்தபின் இறுக்கியது என்று தனித்தனியே பதிந்து, அடுத்தடுத்த கீகளில் வைக்கவேண்டும். தவிலில் விரற்கூடுகளால் வாசிக்கும் வலந்தலையின் ஓசை மிகக் கூர்மையானது. பதிவு வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் பதிவாகமாட்டா என்பதால், ஞாபகத்தை மிச்சம்பிடிக்க வேகத்தை 22,050-க்குக் குறைத்தால் அந்தக் கூர்மை மழுங்கும். கோலால் அடிக்கும் தொப்பிக்கோ அந்த வேகமே போதும். 44,100 என்ற நல்ல வேகத்தில் ஒற்றைச் சேனலாக எடுத்தால் ஒரு விநாடிக்கு 88,200 பைட் செலவாகும்; அடர்த்தி மிகுந்த ஒரு டிஸ்கில் 18 விநாடிகள் அடங்கும். தவிலடி ஒன்று அரை விநாடிக்குள் ஓய்ந்துவிடுவதால், 18 விநாடி என்பது உண்மையில் தாராளமான இடம்.

நாதஸ்வரம் வேறு ஜாதி. சாம்ப்ளர் சுருதியை உயர்த்துவது ஓசையை வேகமாக ஓட்டித்தான். ஆகவே ஒரு ஸ்வரத்தை ஐந்தாறு கீகளுக்கு மேல் இழுத்தால் பாரி நாதஸ்வரம் சிறுபிள்ளையின் ஊதல்போல் ஒலிக்கும். மூன்று அல்லது நான்கு கீகளுக்கு ஒரு பதிவு வீதம் எடுங்கள். வித்துவான் இரண்டரைக் கட்டையில் வாசித்தால் அவருடைய ஆதார ஷட்ஜம் மேற்கத்திய முறையில் டி ஷார்ப்; அந்தக் கீயையே அதன் மூல கீயாகக் குறித்துவிட்டு, மிச்சமுள்ள சிறு பிசகைத் தம்பூராவோடு ஒத்திசைத்துத் திருத்திக்கொள்ளவேண்டும். கமகத்தோடு கூடிய ஸ்வரத்தைச் சுழற்சியில், அதாவது லூப்பில், போட்டால் அசைவு யந்திரத்தனமாகத் திரும்பத் திரும்ப வரும். ஆதலால் அசையாத ஸ்வரத்தையே கேட்டு வாங்கி, அலை பூஜ்யத்தைக் கடக்கும் இரு புள்ளிகளுக்கிடையே சுழற்சியை அமைத்து, கமகத்தைக் கீபோர்டின் பிட்ச் வீலில் நம் கையால் கொடுப்பதே சரி. பிட்ச் வீலின் எல்லையை இரண்டு அரைஸ்வரங்களாக வைத்தால் பெரும்பாலான ராகங்களுக்குப் போதும். நீண்ட ஜாருக்கு அதை விரிக்கவேண்டியிருக்கும்.

முடித்ததும் எதையும் வாசித்துப் பார்க்கும் முன்பே சேமித்துவிடுங்கள். எஸ்-1000-ல் பெயருக்கு 12 எழுத்துகளே இடம். ஆங்கில எழுத்தில் வாத்தியம், அடி, மூல கீ என்ற வரிசையில் சுருக்கி எழுதினால் பிற்காலத்தில் தேடுவது சுலபம். வாசித்த வித்துவானின் பெயர், ஊர், தேதி, கட்டை ஆகியவற்றை இமேஜுக்குப் பக்கத்திலேயே ஒரு தனிக் கோப்பில் எழுதி வையுங்கள். பிரதிகளில் ஒன்று உங்கள் வீட்டிலும், மற்றொன்று வேறொரு வீட்டில் மாடித் தளத்திலும் இருக்கட்டும். இரவல் வாங்கிய டிஸ்குகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவற்றின் இமேஜ்களையும், ஒவ்வொரு டோனையும் சாதாரண வேவ் கோப்பாக மாற்றியதையும் ஒரு பென் டிரைவில் போட்டு உரியவரிடம் சேர்த்துவிடுங்கள். அக்காய் இமேஜிலிருந்து வேவ் கோப்பு எடுக்க அக்காய்யூட்டில் என்னும் இலவச மென்பொருள் போதும். அவருடைய சாம்ப்ளர் எப்போதோ போயிருந்தாலும், தாம் பதிந்த பம்பையை அவர் தம் செல்போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். எந்த டிஸ்கில் எதை வைத்தோம் என்று மறந்திருந்த பெயர்களையும் கேட்ட மாத்திரத்தில் அவரே சொல்லுவார். அவற்றையும் அந்தக் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.